இல்லாத 1.5

காரின் மூளையோடு பேச லேப்டாப்பில் எந்த மென்பொருளை ஏற்றலாம் என்று ஈஜோக் முதல் தஞ்சோங் காராங் வரை ஒரே வாதம். ஃபோக்ஸ்வாகன்காரர் விசிடிஎஸ் என்பார்; ஃபோர்டுக்காரர் ஃபோர்ஸ்கேன் என்பார்; மைவிக்காரருக்கு இலவசமாக எது கிடைத்தாலும் சரி. பலரும் நடுவில் மாட்டும் இஎல்எம்327 கருவிதான் விசேஷம். கனடாவின் எல்ம் நிறுவனம் அதில் 1.5 என்றொரு பதிப்பை வெளியிட்டதே இல்லை. மலிவுச் சந்தையில் குவிந்து கிடப்பதோ அதே 1.5! நகலெடுத்தவருக்கு அவ்வளவு கற்பனை வளம். அதை நம்பிச் சொருகி, திரையில் பி0300 என்ற கோளாறுக் குறியீடு வந்ததும் பட்டறை போர்மேனிடம் ஓட்டம்.

"எஞ்சின் மிஸ் அடிக்குதுண்ணே!"

"தெரியும் தம்பி. நீ செம்பனைக்காட்டு முக்குல திரும்புறப்பவே கேட்டுச்சு."

1985 சாகா வைத்திருக்கும் பெரியவருக்கு இந்தத் தொல்லையே இல்லை. கார்புரேட்டர் வண்டி, கருவியைச் சொருக இடமே கிடையாது. எந்த மென்பொருள் நல்லது என்று அவரும்தான் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.