கொல்லாமை விரதமும் சில எலும்புகளும்

2012இல் கெய்ஷி ஓதோமோ இயக்கத்தில் வந்த 'ரூரோனி கென்ஷின்' படத்தின் நாயகன், இனிமேல் யாரையும் கொல்வதில்லை என்று சத்தியம் செய்த முன்னாள் கொலையாளி. அதனால் கூர்ப்பக்கம் தன்னை நோக்கியே இருக்கும்படி அடித்த வாளோடு திரிகிறான். உத்தமமான ஏற்பாடு. என்ன, மொட்டைப் பக்கத்தால் பிடரியில் வாங்கியவர்கள் சுவரில் மோதிச் சுருண்டு விழுகிறார்கள். சாவு மட்டும் கிடையாது. இரும்பால் மண்டையில் அடித்தால் தூக்கம்தான் வரும் என்பது படத்துக்கு மூலமான நொபுஹிரோ வாட்சுகியின் மங்காவிலேயே (ஜப்பானியச் சித்திரக்கதை) உள்ள சட்டம். காகிதத்தில் அது உறுத்தவில்லை. ரத்தமும் சதையுமாக ஆட்கள் வந்து விழும்போதுதான், ஊரில் எலும்பு முறிவு வைத்தியர் எத்தனை பேர் என்று விசாரிக்கத் தோன்றுகிறது.

கதை நடப்பது 1878இல். வாள் ஏந்தித் திரியக் கூடாதென்று மெய்ஜி அரசு 1876லேயே உத்தரவு போட்டாயிற்று. அதைப் புரிந்துகொண்ட ஒரே புத்திசாலி, வில்லனான அபின் வியாபாரி கன்ரியூதான்: காட்லிங் துப்பாக்கியைக் கொண்டுவந்து சுற்றுகிறார். அத்தனை குண்டும் நாயகனுக்கு ஒரு முழம் பின்னாலேயே போகிறது. (குண்டுகளும் மங்கா படித்திருக்கும்.)

நாயகன் தகேரு சாதோ, இதே இயக்குநர் பணியாற்றிய 2010 தொலைக்காட்சித் தொடரில் ஒகாடா இஸோ என்ற கொலையாளியாக வந்தவர். அங்கே பாவம், இங்கே பரிகாரம். பரிகாரம் நன்றாக ஓடியதால் 2021க்குள் ஐந்து படங்கள். ஐந்தாவதில் சத்தியத்துக்கு முந்திய கதையை எடுத்துக்கொண்டு, மனிதரை ஆசைதீர வெட்டவிட்டார்கள்.