நாலு தீற்றல் படகு

கேள்வி: மோனே வரைந்த 'இம்ப்ரெஷன், சன்ரைஸ்' ஓவியத்தில் படகு என்று இருப்பது நாலு கறுப்புத் தீற்றல். இதற்கா இத்தனை கொண்டாட்டம்?

பதில்: 1874-ல் பாரிஸ் கண்காட்சியில் இதைப் பார்த்த விமர்சகர் லூயி லெருவாவும் உங்கள் கட்சிதான். சுவரில் ஒட்டும் காகிதம்கூட இதைவிட முழுமையாக இருக்கும் என்று நக்கலடித்தார். அவர் கேலியாகச் சூட்டிய 'இம்ப்ரெஷனிஸ்ட்' பட்டத்தை ஓவியர்கள் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டார்கள். படகை விடுங்கள், சூரியனைப் பாருங்கள். படத்தைக் கறுப்பு வெள்ளையில் நகல் எடுத்தால் அந்த ஆரஞ்சு வட்டம் கிட்டத்தட்டக் காணாமல் போய்விடும். அதற்கும் சுற்றியுள்ள வானத்துக்கும் வெளிச்சம் ஏறக்குறைய ஒரே அளவு. நிறம் மட்டும்தான் வேறு. சூரியனையே இப்படி ஏய்த்தவரிடம் படகுக்குப் பலகைக் கணக்கா கேட்பது? 1985-ல் இதைத் திருடியவர்கள் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், 1990-ல் கோர்சிகாவில் போலீஸ் மீட்கும்வரை இதை ஒளித்துவைத்த சிரமம் மிச்சமாகியிருக்கும்.