குட்டியானைக்கு எத்தனை சான்றிதழ்?

தெருவில் நின்று இட்லி விற்பது இந்த நாட்டில் அடிப்படை உரிமை. 1989-இல் சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது: அரசியலமைப்பின் 19(1)(ஜி) பிரிவு நடைபாதை வியாபாரிக்கும் உண்டு, ஆனால் நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு. உரிமை ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. கட்டுப்பாடுகளைப் படித்து முடிப்பதற்குள் மாவு புளித்துவிடும்.

சின்னமனூர்க்காரர் ஒருவர் தேனியில் வண்டிக்கடை போட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய குட்டியானை மினி லாரி ஒன்றை வாங்கிவிட்டார். இட்லி, ஆம்லெட், ராத்திரிக்கு முட்டைப் பரோட்டா என்று பலகையும் எழுதியாயிற்று. கையில் காசு இருக்கிறது, வீட்டம்மாவின் கையில் பக்குவம் இருக்கிறது. தாள்தான் இல்லை.

"அண்ணே, வண்டிய எங்கிட்டு நிப்பாட்டுவீங்க?" என்று டீக்கடையில் கேட்டால், "எங்கிட்டுக் கூட்டம் இருக்கோ அங்கிட்டுத்தேன்" என்பார். வியாபாரத்துக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. விண்ணப்பப் படிவத்துக்கு இதைவிட மோசமான பதிலும் கிடையாது.

முதல் சிக்கல் வண்டியே. பதிவுச் சான்றில் அது சரக்கு வாகனம். அண்ணனோ பட்டறையில் கொடுத்துப் பக்கத் தகரத்தை அறுத்து, தூக்கி நிறுத்தும் கதவாக்கி, உள்ளே அடுப்புக்கு மேடையும் கட்டிவிட்டார். 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியில் கை வைக்கக் கூடாது என்கிறது. டிஎன் 60 என்ற எண்ணை மட்டும் மாற்றாமல் விட்டிருக்கிறார். அது போதாது.

அடுத்து உணவுப் பாதுகாப்புப் பதிவு. ஊரில் இதற்குப் பெயர் 'புட் லைசென்ஸ்'. உண்மையில் சிறு வியாபாரிக்கு லைசென்ஸ் தேவையில்லை, பதிவு போதும். 2011-இல் வந்த ஒழுங்குமுறை, ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்குள் இருப்பவர்களைச் சிறு வியாபாரிகள் என்று பிரித்தது. அவர்களுக்கு வைத்த கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய். இரண்டு முட்டைப் பரோட்டா விலைக்குள் அடங்கிவிடும். ஆகவே பிரச்சினை காசில் இல்லை, 'படிவம் ஏ'யில் இருக்கிறது.

பிரவுசிங் சென்டரில் தம்பி ஒவ்வொரு கட்டமாக வாசிக்கிறார். விண்ணப்பதாரரின் பதவி என்ன? தனிநபரா, பங்குதாரரா, உரிமையாளரா, பால் கூட்டுறவுச் சங்கச் செயலாளரா? அண்ணன் ஒரு நிமிடம் யோசிக்கிறார். செயலாளர் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தொழில் நடக்கும் இடம்? "எங்கிட்டுக் கூட்டம் இருக்கோ..." என்று தொடங்கியவரைத் தம்பி கையமர்த்துகிறார். தண்ணீர் எங்கிருந்து? பொதுக் குழாயா, தனியாரா? "முல்லைப் பெரியாறுன்னு போடுப்பா." அதற்குக் கட்டம் இல்லை. உணவு தயாரிக்க மின்சாரம் பயன்படுத்துகிறீர்களா, எவ்வளவு? வீட்டில் கிரைண்டர் ஓடுகிறது, அதன் குதிரைத் திறன் அண்ணிக்கும் தெரியாது.

பருவகாலத் தொழில் என்றால் தொடங்கும் மாதமும் முடியும் மாதமும் எழுத வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் இது சுலபம். கார்த்திகை பிறந்து ஐயப்ப பக்தர்கள் குமுளிச் சாலையில் இறங்கினால் வியாபாரம் சூடு பிடிக்கும், மகரஜோதியோடு ஆறும். சித்திரையில் வீரபாண்டித் திருவிழா. கோயில் விழாக்களில் கடை போடுகிறவர்களுக்கென்றே படிவத்தில் தனி இனம் இருக்கிறது. யாரோ விவரமறிந்தவர்தான் அதைத் தயாரித்திருக்கிறார்.

விற்றுமுதல் கட்டத்தில்தான் அண்ணன் வியர்த்தார். வருடத்துக்குப் பன்னிரண்டு லட்சம் என்றால் நாளுக்குச் சுமார் 3,300 ரூபாய். "மழை பெஞ்சா எண்ணூறு, முகூர்த்த நாளா இருந்தா நாலாயிரம். தம்பி, இங்க குறைச்சுச் சொல்லணுமா, கூட்டிச் சொல்லணுமா? பேங்குல கேட்டா கூட்டித்தேன் சொல்லணும்."

சிலிண்டர் விஷயத்தில் பேச்சுக்கே இடமில்லை. வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிவப்பு சிலிண்டரைக் கடையில் வைக்கக் கூடாது, 19 கிலோ வணிக சிலிண்டர்தான் வாங்க வேண்டும். தள்ளுவண்டி அடுப்புக்குக் கீழே சாக்குப் போட்டு மூடியிருப்பது எந்த நிறம் என்பது, வாடிக்கையாளர்கள் நாகரிகம் கருதிக் கேட்காமல் விடும் கேள்வி.

இவ்வளவும் உணவுக்கும் வண்டிக்கும். நிற்பதற்கு? அதற்குத்தான் 2014-இல் சாலையோர வியாபாரிகள் சட்டம் வந்தது. அதைப் படித்தால் எழுதியவர் கையேந்தி பவனில் சாப்பிட்டு வளர்ந்தவரோ என்று தோன்றும். ஊர் ஊருக்கு நகர விற்பனைக் குழு அமைக்க வேண்டும். அதில் 40 சதவீத உறுப்பினர்கள் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஐந்து வருடத்துக்கு ஒரு முறையாவது கணக்கெடுப்பு நடத்த வேண்டும். அது முடிந்து விற்பனைச் சான்று கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. ஊர் மக்கள்தொகையில் இரண்டரை சதவீதம் வரை வியாபாரிகளுக்கு இடமளிக்கலாம். 2011 கணக்கெடுப்பில் தேனி அல்லிநகரம் நகராட்சியின் மக்கள்தொகை 94 ஆயிரத்துச் சொச்சம். அப்படியானால் சுமார் 2,350 வியாபாரிகள். நேரு சிலையைச் சுற்றி மட்டும் அத்தனை பேரும் நிற்க முடியாது என்பது வேறு விஷயம்.

பொருளைப் பறிமுதல் செய்தாலும் சட்டம் கருணையோடு நடந்துகொள்கிறது. அழுகும் பொருளை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும், மற்றதை இரண்டு வேலை நாளுக்குள். அதாவது சட்னிக்கு அன்றே விடுதலை. அடுப்பு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாட்டினால் வார விடுமுறை கழிந்துதான் வீடு திரும்பும்.

நகரும் வியாபாரி என்று ஓர் இனத்தையும் இந்தச் சட்டம் ஒத்துக்கொள்கிறது. ஆனால் எந்தப் பகுதிக்குள் நகரலாம் என்பதைச் சான்றில் எழுதிவிடும். நம் ஊர்ச் சாலைகளோ அதைவிட வில்லங்கமானவை. திண்டுக்கல்லிலிருந்து தேனி, கம்பம் வழியாகக் குமுளிக்குப் போவது தேசிய நெடுஞ்சாலை 183. மதுரையிலிருந்து தேனி, போடி வழியாக மூணாறுக்குப் போவது 85. நெடுஞ்சாலை நிலத்துக்கு 2002-இல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது. வெயிலுக்கு ஒதுங்கி வண்டியை நாலடி தள்ளி நிறுத்தினால் நிழல் மாறும், துறையும் மாறும்.

அமெரிக்காவில் எல்லாம் சுலபம் என்று நினைத்து ஏங்க வேண்டாம். நியூயார்க்கில் உணவு வண்டி அனுமதிகளின் எண்ணிக்கைக்கு 1983-இல் உச்சவரம்பு வைத்தார்கள், சுமார் மூவாயிரம். மாநகராட்சிக்குக் கட்ட வேண்டியது இரண்டு வருடத்துக்கு 200 டாலர். அந்த அனுமதியைக் கள்ளச் சந்தையில் வாடகைக்கு எடுக்க இருபதாயிரம் டாலருக்கு மேல் கொடுத்தவர்கள் உண்டு. அதற்கு நடுவிலும் யாழ்ப்பாணத்திலிருந்து போன திருக்குமார் என்பவர், நியூயார்க்கின் வாஷிங்டன் சதுக்கப் பூங்கா ஓரம் 2001-இல் தோசை வண்டி போட்டார். 2007-இல் அங்கே தெரு உணவுக்காரர்களுக்குத் தந்துவந்த வெண்டி விருதையும் வாங்கினார்.

நம் அண்ணனுக்கு நியூயார்க்கைவிட மலிவாகவே வேலை முடியும். சான்றும் அடையாள அட்டையும் கையில் இருந்தால் வங்கியும் கதவைத் திறக்கிறது. 2020 ஜூனில் தொடங்கிய பிரதமர் ஸ்வநிதி திட்டத்தில் அடமானம் இல்லாமல் முதல் கடன் 10,000 ரூபாய் கொடுத்தார்கள். 2025-இல் அதை 15,000 ஆக்கினார்கள். தாள் இல்லாதவருக்கு இதே தொகையைக் கந்துவட்டிக்காரர் எந்தப் படிவமும் கேட்காமல் கொடுக்கிறார் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

ஆகவே கம்பம், போடி, பெரியகுளம், கூடலூர் என்று எங்கே வண்டி போட்டிருந்தாலும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் ஒரு வேண்டுகோள். நகராட்சியிலிருந்து கணக்கெடுக்க வரும் நாளில் வண்டியைப் பக்கத்துக் கடைப் பையனிடம் விட்டுவிட்டுக் கல்யாண வீட்டுக்குப் போகாதீர்கள். ஆதாரோடு வண்டிப் பக்கத்தில் நில்லுங்கள், பெயரை எழுதிக்கொண்டார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள், கொடுக்கும் ரசீதை எண்ணெய்க் கை படாமல் வாங்கி வையுங்கள். விற்பனைக் குழுத் தேர்தல் வந்தால் ஓட்டும் போடுங்கள். இரண்டு கணக்கெடுப்புக்கு நடுவில் தொழிலுக்கு வந்தவரும் சான்று கேட்டு விண்ணப்பிக்கலாம், சட்டத்தின் நான்காம் பிரிவிலேயே அதற்கு வழி இருக்கிறது.