கோயில் தெருவில் ஒரு கோப்பை

கேள்வி: ஜப்பானில் கோயில் தெருக்களைச் சுற்றிக்காட்டி, வழியில் ‘சாகே’ மதுவையும் ருசி பார்க்க வைக்கிறார்களாமே? கோயிலுக்கும் மதுவுக்கும் என்ன சம்பந்தம்?
– வாசகர், கணியம்பாடி

பதில்: நெருங்கிய சம்பந்தம்! நாராவில் 992-ல் எழுந்த ஷோரியாகுஜி என்ற புத்தர் கோயிலில் துறவிகளே சாகே தயாரித்தார்கள். தெளிந்த சாகே பிறந்த இடம் என்று இன்றும் அதைக் கொண்டாடுகிறார்கள். கியோட்டோவின் ஃபுஷிமி பகுதியில் 1637-ல் தொடங்கிய கெக்கெய்கான் என்ற சாகே ஆலை இன்றும் நடக்கிறது. அந்த ஊர் நிலத்தடி நீர்தான் அதன் முதல்.

சாகே தயாரிக்க, வெந்த அரிசியில் ‘கோஜி’ பூஞ்சையைத் தூவுவார்கள். அது மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க, அதே தொட்டியில் ஈஸ்ட் அதை ஆல்கஹாலாக்கும். சாகேயில் ஆல்கஹால் சுமார் 15 சதவீதம். நல்லவேளை, கோப்பை சிறிது!

நம் ஊரிலும் இப்படி நடக்கலாமே என்றால், தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை. அதனாலென்ன, பதநீர் இருக்கிறதே! கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் புளிக்காது. காலையில் இறக்கியதைப் பனையோலைப் பட்டையில் வாங்கிக் குடித்துவிட்டு, வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத் தூண்களை நின்று பாருங்கள். பிறகு ஜவ்வாது மலைச் சாமைச் சோறு, தேன். தள்ளாடாமல் வீடு திரும்பலாம். இப்படியொரு நடையை யாராவது ஏற்பாடு செய்தால், முதல் ஆளாக நான் வருகிறேன்!