ஜப்பானில் பிறந்த கார்

கேள்வி: ஜப்பானிலிருந்து வந்த பழைய காரை இலங்கையில் வாங்கினால், ரேடியோவில் பல நிலையங்கள் கிடைப்பதில்லையே, ஏன்?

பதில்: குற்றம் ரேடியோவுடையது அல்ல, பிறந்த ஊருடையது. ஜப்பானில் எஃப்.எம். 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும். பழைய கார்களில் 90-இல் முடிந்துவிடும். இலங்கை நிலையங்களோ 108 வரை போகின்றன. அதனால் ஆன்டெனாவுக்கும் ரேடியோவுக்கும் நடுவே ‘பேண்ட் எக்ஸ்பாண்டர்’ என்ற சின்னப் பெட்டியை மாட்டுவார்கள். அது 14 மெகாஹெர்ட்ஸ் இறக்கித் தரும் வகையானால், 100-இல் ஒலிக்கும் நிலையம் திரையில் 86 என்று வயதைக் குறைத்துச் சொல்லும்! பாட்டு அதே பாட்டுத்தான்.

திரைதான் பெரும்பாடு. மெனு முழுக்க ஜப்பானிய எழுத்து. வரைபடத்தில் ஜப்பான் மட்டுமே. வண்டியைக் கிளப்பியதும் ஒரு பெண்குரல் எச்சரித்தால் பதற வேண்டாம். சுங்கச்சாவடி அட்டையைச் செருகவில்லை என்று அது சொல்லக்கூடும்.

திரையையே மாற்றுகிறவர்கள், பழைய ரிவர்ஸ் கேமரா புதியதில் வேலை செய்யுமா என்று கடையில் முதலில் கேட்டுவிட வேண்டும்.