மரத்துக் காளான்

பட்ட மரத்தில் தட்டு மாதிரி ஒரு காளான். பிய்த்துக் குழம்பு வைக்கலாமா?
*– ஒரு வாசகர், செங்கல்பட்டு*

நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகமே இறங்காத இடத்தில் பல் எப்படி இறங்கும்? மேலே அரக்குப் பூசினாற்போல் பளபளத்து, அடியில் ஊசித்துளைகள் இருந்தால் அது கேனோடெர்மா. சீனாவில் மருந்து; குழம்புக்கு வெறும் கட்டை.

அதே காளான் எங்கள் தென்னையின் அடியிலும் வந்திருக்கிறதே, நல்ல சகுனமா?
*– ஒரு வாசகர், கோவளம்*

தண்டில் செம்பழுப்புச் சாறு வடிகிறதா? அப்படியானால் தஞ்சாவூர் வாடல் நோய். 1952 புயலுக்குப் பின் தஞ்சையில் கண்டதால் இந்தப் பெயர். காளான் தலைகாட்டும்போது வேர் அழுகியிருக்கும். அந்த மரத்தைச் சுற்றிக் குழி வெட்டுங்கள். பக்கத்து மரங்களுக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம்பிண்ணாக்கு வையுங்கள். இன்றைக்கே.

வெள்ளிக்காசு போட்டுக் கொதிக்கவைத்து, கறுக்காவிட்டால் விஷமில்லையாமே?
*– ஒரு வாசகி, திருக்கழுக்குன்றம்*

காசு கறுக்காது, கல்லீரல்தான் போகும்! கொடிய காளான்களில் இருக்கும் அமாடாக்சின் என்ற நஞ்சு கொதித்தாலும் அழியாது. சாப்பிட்டு 6 மணி நேரமாவது கழித்துத்தான் வாந்தியே வரும்.

எதைத்தான் பறிப்பது?
*– ஒரு வாசகர், மாமல்லபுரம்*

யாரோடு பறிப்பது என்று கேளுங்கள். மழைக்குப் பின் முளைக்கும் புற்றுக்காளானின் தண்டைத் தோண்டினால், அது வேர்போல் நீண்டு கரையான் புற்றுக்குள் இறங்கும். அதைக் காட்டித்தர இருளர் பெரியவர்கள் இருக்கிறார்கள். காட்டில் சிறு வனப்பொருள் சேகரிக்கும் உரிமையை 2006 வன உரிமைச் சட்டம் அவர்களுக்குத் தந்திருக்கிறது. நமக்கு வனத்துறை அனுமதி வேண்டும்.