எட்டாவது வள்ளல் ஆவது எப்படி?

பாரி முல்லைக்குத் தேரைக் கொடுத்தான். பேகன் மயிலுக்குப் போர்வையைக் கொடுத்தான். முல்லையும் கேட்கவில்லை, மயிலும் கேட்கவில்லை. கேட்டவருக்குக் கொடுத்திருந்தால் இத்தனை நூற்றாண்டு பேசியிருப்போமா என்பது சந்தேகம்தான். கடையேழு வள்ளல்களோடு அந்தப் பட்டியல் மூடப்பட்டுவிட்டதாக நினைத்திருந்தோம். பிட்காயினை உருவாக்கிய சதோஷி நகமோட்டோ 2010இல் அதை மறுபடி திறந்தார். தொலைந்துபோகும் காசுகள் மற்றவர்களிடம் உள்ள காசின் மதிப்பைக் கொஞ்சம் கூட்டும், ஆகவே அதை எல்லோருக்கும் கொடுத்த நன்கொடையாக எண்ணிக்கொள்ளலாம் என்ற பொருளில் எழுதினார். மொத்தம் 2 கோடியே 10 லட்சம் பிட்காயினுக்கு மேல் பிறக்கவே பிறக்காது என்பதால் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. இந்தக் கொடைக்கு உங்களைத் தயார்செய்வதே இந்தக் கட்டுரையின் வேலை.

அடிப்படையிலிருந்து தொடங்குவோம். வாலட் என்று பெயர் இருந்தாலும் அதற்குள் காசு கிடையாது. யாரிடம் எவ்வளவு என்ற கணக்கு உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கிறது. அதை உங்களால் தொலைக்க முடியாது. உங்களிடம் இருப்பது அந்தக் கணக்கில் கையெழுத்துப் போடும் சாவி மட்டும். எழுதிவைக்கத் தோதாக அந்தச் சாவியை 12 அல்லது 24 சொற்களாக மாற்றித் தருவார்கள். 2048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து குருட்டாம்போக்கில் பொறுக்கிய சொற்கள், மீட்புச்சொற்கள் என்று பெயர். அவற்றை வரிசை மாறாமல் வேறொரு கருவியில் தட்டினால் வாலட் அப்படியே திரும்பி வரும். தட்டுவது நீங்களா, பக்கத்து வீட்டுக்காரரா என்று அது விசாரிக்காது. வங்கியில் பாஸ்புக் தொலைந்தால் மேலாளர் முன்னால் போய் நின்று கண்ணைக் கசக்கலாம். இங்கே மேலாளர் கிடையாது. அவர் வேண்டாம் என்றுதானே இங்கே வந்தீர்கள்?

ஆக, கொடை இரண்டு வகை. சொற்கள் இன்னொருவர் கையில் சிக்கினால் அது தனியாளுக்கான கொடை. யார் கையிலும் சிக்காமல் உங்கள் கையிலும் இல்லாமல் போனால் அது ஊருக்கான கொடை. முதல் வகை சுலபம். புதிதாக வருகிறவர்கள் அதில் கைப்பழக்கம் செய்துகொள்ளலாம்.

சொற்கள் திரையில் வந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பேனா தேடி அலைய வேண்டாம். படம் கேலரியில் விழுந்த கையோடு கூகுள் போட்டோஸுக்கோ ஐக்ளவுடுக்கோ தானாக ஏறிவிடும். வீட்டில் யாராவது அதே கணக்கை டிவியில் திறந்திருந்தால், கொடைக்கானல் படங்களுக்கு நடுவே உங்கள் 12 சொற்களும் ஸ்லைடு ஷோவில் வந்துபோகும். 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி நிறுவனத்தார் ஸ்பார்க்கேட் என்றொரு உளவு நிரலைப் பற்றி அறிவித்தார்கள். கூகுள் பிளே, ஆப்பிள் ஆப் ஸ்டோர் இரண்டிலும் சில ஆப்களுக்குள் ஒளிந்திருந்து, கேலரியிலுள்ள படங்களில் இருக்கும் எழுத்துகளைப் படித்து மீட்புச்சொற்கள் அகப்படுகின்றனவா என்று தேடுவது அதன் தொழில். உங்கள் படங்களை அவ்வளவு அக்கறையோடு பார்க்கிற ஆள் சொந்தத்தில்கூடக் கிடைக்க மாட்டார்.

இதைவிடக் குறுக்குவழியும் உண்டு. 2013 டிசம்பரில் ப்ளூம்பெர்க் டிவியில் மேட் மில்லர் என்ற தொகுப்பாளர் சக தொகுப்பாளர்களுக்குப் பிட்காயின் பரிசுச் சீட்டு வழங்கினார். சாவிக்கான கியூஆர் குறியீடு திரையில் பளிச்சென்று தெரிந்தது. பார்த்துக்கொண்டிருந்த நேயர் ஒருவர் போனை டிவிப் பக்கம் நீட்டி, அதிலிருந்த 20 டாலரைத் தன் கணக்குக்கு மாற்றிக்கொண்டார்.

இனி மேல்நிலைப் பாடம். ஊருக்கே கொடுக்கும் இந்தக் கலை, அசட்டையாக இருப்பவர்களைவிடத் திருட்டுப் பயம் மிகுந்தவர்களுக்குத்தான் நன்றாகக் கைகூடுகிறது.

நகல் ஒன்றே ஒன்று போதும். இரண்டு இருந்தால் ஒன்று தப்பிவிடும். வேல்ஸில் நியூபோர்ட் ஊர்க்காரரான ஜேம்ஸ் ஹோவெல்ஸ் நமக்கு முன்னோடி. பிட்காயின் பிறந்த 2009இலேயே லேப்டாப்பை ஓடவிட்டுக் காசு சேர்க்கத் தொடங்கியவர். சுமார் 8,000 சேர்ந்தது. லேப்டாப்பில் ஏதோ பானம் கொட்டிப் பழுதாக, ஹார்டு டிஸ்கை மட்டும் கழற்றி மேஜை இழுப்பறையில் போட்டார். அதே இழுப்பறையில் இன்னொரு ஹார்டு டிஸ்க், காலியானது. 2013இல் வீட்டைச் சுத்தம் செய்தபோது எது கறுப்புப் பைக்குள் போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 14 லட்சம் டன் குப்பைக்குள் அதைத் தேட அனுமதி கேட்டு நகர மன்றத்தோடு 10 ஆண்டுக்கு மேல் மல்லுக்கட்டினார். கிடைப்பதில் பங்கு தருவதாகவும் சொல்லிப் பார்த்தார். சுற்றுச்சூழல் கெடும் என்று அவர்கள் அசையவில்லை. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றமும் வழக்கைத் தள்ளிவிட்டது. சாவி இருந்த அந்த ஒரு கோப்பை ஒரு சிடியில் நகலெடுக்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். எடுத்திருந்தால் இன்றைக்கு அவர் வெறும் பணக்காரர்.

நகலை எங்கே வைப்பது? பீரோ, பூஜையறை, அரிசி டிரம் எல்லாம் திருடனுக்கும் தெரியும், மாமியாருக்கும் தெரியும். யாருக்குமே தோன்றாத இடமாகப் பாருங்கள். அயர்லாந்தில் கஞ்சா வளர்த்து விற்ற ஒருவரிடம் 6,000 பிட்காயின் இருந்தது. திருட்டுக்குப் பயந்து அதை 500, 500ஆக 12 கணக்குகளில் பிரித்துப் போட்டார். அதுவரைக்கும் குறை சொல்ல முடியாது. அப்புறம் அந்தப் பன்னிரண்டு சாவியையும் ஒரே ஏ4 தாளில் அச்சடித்து, தூண்டில் உறையின் அலுமினிய மூடிக்குள் சுருட்டி வைத்தார். 2017இல் கைதானார். வீட்டுக்காரர் அந்த வாடகை வீட்டைக் காலிசெய்து சாமான்களைக் குப்பைக்கு அனுப்பியபோது தூண்டிலும் போய்விட்டது என்பது அவர் சொன்ன கதை. யாருக்கும் தோன்றாத இடத்தில் இதுதான் வசதி. அதைத் திருடவும் தோன்றாது, காப்பாற்றவும் தோன்றாது.

அடுத்தது, சொற்களை அதே வரிசையில் எழுதாதீர்கள். கலைத்து எழுதுங்கள். 12 சொற்களை 47 கோடியே 90 லட்சத்துச் சொச்சம் விதமாக அடுக்கலாம். கேட்கவே மலைப்பாக இருக்கிறதல்லவா? ஆனால் கடைசிச் சொல்லுக்குள் ஒரு சரிபார்ப்புக் கணக்கு ஒளிந்திருப்பதால் அவற்றில் ஏறத்தாழ பதினாறில் ஒன்றுதான் செல்லும். மிஞ்சுவது மூன்று கோடி. விஷயம் தெரிந்த திருடன் கணினியை ஓடவிட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். நாலு வருஷம் கழித்து என்ன வரிசையில் கலைத்தோம் என்று பென்சிலோடு உட்கார்கிற உங்களுக்கு அந்த வசதி இல்லை.

கலைப்பதில் நம்பிக்கை இல்லாதவர்கள் கிழிக்கலாம். முதல் ஆறு சொல் அண்ணன் வீட்டில், பின் ஆறு சொல் வங்கி லாக்கரில். கெட்டிக்காரத்தனமாகத் தெரியும், ஆகவே தயங்காமல் செய்யுங்கள். முன்பு ஒரு தாள் தொலைய வேண்டியிருந்தது. இப்போது இரண்டில் எது தொலைந்தாலும் முழுதும் போய்விடும். அண்ணன் வீட்டில் வெள்ளையடித்தால் போதும். திருடனுக்கும் நல்ல செய்தி: பாதி கிடைத்தால் மீதியை ஊகிக்கும் வேலை கோடி கோடி மடங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. 1979இல் ஆதி ஷமீர் என்ற கணித அறிஞர் வேறொரு வழி சொன்னார். ரகசியத்தை மூன்று பங்காக்கலாம், எந்த இரண்டு சேர்ந்தாலும் திறக்கும், ஒன்றை மட்டும் வைத்திருப்பவருக்கு ஒரு துப்பும் கிடைக்காது. சில ஹார்டுவேர் வாலட்களிலேயே இந்த வசதி வருகிறது. அந்தப் பக்கம் போனால் கொடை கெட்டது.

எஃகுத் தகட்டில் சொற்களைப் பொறித்துவைக்கிறவர்களும் இருக்கிறார்கள், வீடே எரிந்தாலும் மிஞ்சுமாம். நீங்கள் தெர்மல் தாளில் அச்சடியுங்கள். ஏடிஎம் சீட்டு எவ்வளவு நாள் தாங்கும் என்று பார்த்திருப்பீர்கள்.

இத்தனை படியும் ஏறியவர்களுக்கு 25ஆவது சொல் காத்திருக்கிறது. பட்டியலில் உள்ள 24 சொற்களோடு, நீங்களாக ஒரு ரகசியச் சொல்லையோ தொடரையோ சேர்த்துக்கொள்ளலாம். திருடன் தாளைக் கண்டெடுத்தாலும் அது இல்லாமல் காசைத் தொட முடியாது. எழுதிவைத்தால் அதையும் திருடிவிடுவானே என்று மனத்துக்குள் மட்டும் வைத்துக்கொள்வீர்கள். அங்கேதான் அழகு. தவறாகத் தட்டினால் தவறு என்று அது சொல்லாது. நீங்கள் எதைத் தட்டினாலும் அதற்கென்று ஒரு வாலட்டைத் திறந்து காட்டும், இருப்பு பூஜ்யம் என்று. பெரிய எழுத்து ஒன்று சின்னதாகிவிட்டால் ஒரு வாலட். நடுவில் ஓர் இடைவெளி விட்டுப்போனால் இன்னொரு வாலட். கல்யாண வருஷத்தை முன்னால் போட்டோமா பின்னால் போட்டோமா என்று மாற்றிப் பார்த்தால் இன்னும் இரண்டு. எல்லாமே உங்களுடையவைதான். எல்லாமே காலிதான். பணம் திருட்டுப் போனதா, நமக்குத்தான் மறந்துபோனதா என்பதுகூடத் தெரியாமல் கொடுப்பதற்குக் கர்ணனாலும் முடிந்திருக்காது.

காலி வாலட் சலிப்பூட்டினால் அயர்ன்கீ போன்ற பென் டிரைவ் வாங்குங்கள். அதற்குப் பாஸ்வேர்டு சொல்ல எண்ணிப் பத்து வாய்ப்பு. பிறகு ஒரேயடியாகப் பூட்டிக்கொள்ளும். சான் பிரான்சிஸ்கோவில் வசித்த ஸ்டெஃபான் தாமஸ் என்ற நிரலாளர், பிட்காயினை விளக்கும் வீடியோ செய்ததற்குக் கூலியாகக் கிடைத்த 7,002 பிட்காயினின் சாவியை அதில் வைத்தார், பாஸ்வேர்டு எழுதிய தாளைத் தொலைத்தார். 2021 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் இதை எழுதியபோது எட்டு வாய்ப்பு தீர்ந்திருந்தது.

பேக்கப் எடுத்தாயிற்று, இனிக் கவலையில்லை என்று இருப்பவர்களுக்கும் முற்காலத்தில் வழி இருந்தது. ஒரு காசு செலவழித்தால் மீதிச் சில்லறை புதிதாக உண்டான இன்னொரு சாவிக்குப் போய்விடும். 2010இல் ஒருவர் 9,000 பிட்காயின் வைத்திருந்து, பேக்கப் எடுத்த பிறகு அதிலிருந்து ஒன்றை அனுப்பிப் பார்த்தார். மீதி 8,999க்கான சாவி அந்தப் பேக்கப்பில் இல்லை. இப்போதைய வாலட்கள் எல்லாச் சாவிகளையும் அதே மீட்புச்சொற்களிலிருந்தே பிறப்பித்து இந்த வாய்ப்பைக் கெடுத்துவிட்டன.

வீட்டில் சொல்லலாமா? கூடவே கூடாது. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பார்கள், கட்டியவளுக்கு மட்டும் எதற்கு? குவாட்ரிகா என்ற கனடா கிரிப்டோ நிறுவனத்தின் தலைவர் ஜெரால்ட் காட்டன் 2018 டிசம்பரில் நம் ஜெய்ப்பூரில் இறந்தார். வயது 30. அதற்குப் பன்னிரண்டு நாள் முன்புதான் உயில் எழுதியிருந்தார். அதில் அவருடைய இரண்டு நாய்களின் பராமரிப்புக்கே ஒரு லட்சம் டாலர் இருந்தது. பாஸ்வேர்டு இல்லை. 76,000க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்குச் சேரவேண்டிய பணம் அவருடைய லேப்டாப்புக்குள் பூட்டிக் கிடப்பதாக உலகமே பேசியது. பிறகு தணிக்கையாளர்கள் பார்த்தபோது அந்த வாலட்கள் அவர் இறப்பதற்கு எட்டு மாதம் முன்பே காலியாகியிருந்தன. நடந்தது மோசடி என்று 2020இல் ஒண்டாரியோ பங்கு ஆணையம் அறிக்கை கொடுத்தது. தொலைந்த பாஸ்வேர்டு இப்படியும் பயன்படும் என்பதை ஒரு தகவலுக்காகச் சொல்லிவைக்கிறேன், வள்ளல்கள் செய்கிற காரியமல்ல.

எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும், சோதித்துப் பார்ப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சில கருமிகள் இருக்கிறார்கள். நூறு ரூபாய்க்குக் காசு போட்டு, வாலட்டை வேண்டுமென்றே அழித்து, எழுதிவைத்த சொற்களைக் கொண்டு மீட்டுப் பார்த்துவிட்டுத்தான் மிச்சப் பணத்தைப் போடுவார்கள். பிறகு அந்தத் தாளை இரண்டு ஊர்களில் வைத்து, அது என்ன என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லியும் வைப்பார்கள். அரை மணி நேர வேலை. இவர்களால் ஊருக்கு ஒரு பைசா வந்ததில்லை.

நன்கொடை ஆயிற்றே, வருமான வரியில் 80ஜி கழிவு கேட்கலாமா என்று இந்திய வாசகர்கள் கேட்கக்கூடும். கிடையாது. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில்கூடக் கழிக்க விடுவதில்லை.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. தொலைந்துவிட்டது என்று நீங்கள் வெளியே வாய்விட்டால், மீட்டுத் தருகிறோம் என்று ஆட்கள் வந்து நிற்பார்கள். முன்பணம் கேட்பார்கள். இன்னும் சிலர் சரிபார்க்க வேண்டும் என்று அந்த 12 சொற்களையே கேட்பார்கள். அவை இருந்தால் உங்களிடம் எனக்கென்ன வேலை என்று அவர்களை மடக்கத் தோன்றும். முன்பணத்தைக் கொடுப்பதானால் கொடுங்கள், ஆனால் ஊருக்கான கொடைக் கணக்கில் எழுதாதீர்கள். அது தனியாளுக்கான கொடை.